மழை நாளில் பொலோஞ்ஞா: குடை விரிக்காமல் சுற்றிப் பார்த்த ஊர்

இத்தாலியில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் எங்கள் வன்னிச் சனம் ரோம், வெனிஸ், மிலான் என்றுதான் பட்டியல் போடும். அந்த நாட்களுக்குள் ஒரு நாள் முழுக்க மழை என்று போன் காட்டினால் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்காதீர்கள், பொலோஞ்ஞாவுக்கு ரயில் ஏறுங்கள். மிலானில் இருந்து கடுகதி ரயிலில் ஒரு மணித்தியாலம்தான், புளோரன்ஸ் இன்னும் கிட்ட.

மழை என்றால் எங்களுக்குப் புதுசில்லை. ஆனால் கார்த்திகையில் இரணைமடுக் குளம் வான்பாயும்படி கொட்டி ஓய்கிற மழை அல்ல அது. குளிரோடு சேர்ந்து காலையில் இருந்து பொழுதுபடும் வரை நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். அக்காவின் மகள் அங்கேதான் படிக்கிறாள். "சித்தி, குடையை வச்சிட்டு வாங்கோ, இந்த ஊரில அது தேவைப்படாது" என்றாள். நான் நம்பவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி.

வீதிக்கு வீதி, கட்டடங்களின் கீழ்ப்பக்கமாக வளைவு வளைவாகக் கூரை போட்ட நடைபாதை போகிறது. போர்த்திகோ என்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீற்றர் வருமாம், பழைய நகரத்துக்குள் மட்டும் 38. 2021 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1088 இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர், படிக்க வந்த சனம் கூடக் கூட வீட்டுக்காரர் மேல்மாடியை வீதிப் பக்கம் நீட்டி, கீழே மரத்தூண் கொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். 1288 இல் நகரச் சட்டமே போர்த்திகோ வைத்துக் கட்டச் சொல்லிவிட்டது. நிலம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பதும் அவர்தான், நடக்கிற உரிமை மட்டும் ஊருக்கு. ஒரு முழ வேலிக்காகக் கோட்டுக்குப் போகிற எங்களுக்கு இது யோசிக்க வேண்டிய விசயம். ஸ்த்ராதா மஜ்ஜோரே வீதியில் கோர்த்தே இசொலானி வாசலில் பதின்மூன்றாம் நூற்றாண்டு மரத்தூண்கள் இன்னும் நிற்கின்றன, அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். பக்கத்தில் போய்த் தொட்டுப் பாருங்கள், வெடிப்புக்குள் விரல் போகும்.

ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரம் என்றால் சன் லூக்கா நடைபாதைக்குப் போங்கள். சரகோசா வாசலுக்குப் பக்கத்தில் தொடங்கி மலை உச்சியில் இருக்கிற மாதா கோயில் வரைக்கும் ஒரே கூரை, கிட்டத்தட்ட 4 கிலோமீற்றர், 666 வளைவுகள். 1674 இல் தொடங்கின வேலை. வழிநெடுக உபயகாரர் பெயர் பொறித்த கற்கள் பதித்திருக்கின்றன, கோயில் தூணில் உபயம் எழுதுகிற எங்களுக்கு அதைப் பார்த்ததுமே விளங்கிவிடும். மெலொஞ்செல்லோ வளைவு வரை சமதரை, அதற்குப் பிறகு படியும் ஏற்றமுமாக மூச்சு வாங்கும். வெளியில் மழை சோவென்று பெய்ய, நாங்கள் நனையாமல் ஏறிக்கொண்டிருந்தோம். முழங்கால் நோ உள்ளவர்களுக்குப் பெரிய சதுக்கத்தில் இருந்து மேலே போகிற சின்னச் சுற்றுலா வண்டி இருக்கிறது.

இந்தக் கூரை ஏன் வந்தது என்பதுதான் என் மனதில் நிற்கிறது. 1433 இல் மழை விடாமல் பெய்து பயிர் அழியப் போகிறது என்று, மாதாவின் படத்தை மலையில் இருந்து ஊருக்குள் சுமந்து வந்திருக்கிறார்கள். படம் வந்ததும் மழை விட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. அன்று தொட்டு வருசா வருசம் அதைக் கீழே கொண்டுவருகிறார்கள், அந்த ஊர்வலம் நனையாமல் இருக்கத்தான் பிறகு இந்தக் கூரை. நான் சைவம், ஆனால் மடு மாதாவிடம் நேர்த்தி வைக்காத வீடு எங்கள் பக்கம் குறைவு. மேலே கோயிலில் வெள்ளிக் கவசத்துக்குள் முகங்கள் மட்டும் தெரிகிற அந்தப் படத்துக்கு முன்னால் நானும் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஒரு குறை: மேலே இருந்து ஊரைப் பார்க்கலாம் என்பார்கள், மழை நாளில் புகார்தான் தெரியும்.

அடுத்தது ஆர்க்கிஜின்னாசியோ. பழைய பல்கலைக்கழகக் கட்டடம், சுவரெல்லாம் அந்தக்கால மாணவர்களின் குலச்சின்னங்கள். உள்ளே 1637 இல் தொடங்கிய உடற்கூற்று மண்டபம் இருக்கிறது, முழுக்க மரம், நடுவில் உடலை வைத்து அறுத்துக் காட்டிய வெள்ளைச் சலவைக்கல் மேசை. ஆசிரியரின் இருக்கைக்கு மேல் கூரையைத் தாங்குவது தோல் உரித்த இரண்டு மனித உருவங்கள், தசைநார் ஒவ்வொன்றும் மரத்தில் தெரிகிறது. 1944 ஜனவரி 29 இல் குண்டு விழுந்து இந்த மண்டபம் நொறுங்கியது. இடிபாட்டுக்குள் இருந்து பழைய துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, அவற்றையே வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கிளிநொச்சியில் போரில் சரிந்து கிடந்த தண்ணித் தாங்கியைக் கடந்து வருசக்கணக்காகப் போய் வந்தவள் நான். அந்த வாங்கில் இருந்தால் எழும்ப மனம் வரவில்லை. பெறாமகளும் என்னை அவசரப்படுத்தவில்லை.

சன் பெத்ரோனியோ தேவாலயம் பிரமாண்டம்தான், ஆனால் அதை வெயில் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1655 இல் கசீனி என்ற வானியலாளர் தரையில் 67 மீற்றர் நீளத்துக்குக் கோடு போட்டிருக்கிறார், கூரைத் துளையால் வருகிற வெயில் மத்தியானத்தில் அந்தக் கோட்டில் விழும். மழை என்றால் கோடு மட்டும்தான். சாய்ந்த கரிசெண்டா கோபுரத்தின் நிலைமை மோசம் என்று 2023 ஒக்டோபரில் அந்த இடத்தை அடைத்தார்கள், பக்கத்துக் கோபுரத்தில் ஏறலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். மேல் திறந்த சுற்றுலா பஸ்ஸும் வேண்டாம். நாங்கள் ஏறிய பஸ்ஸில் பிளாஸ்ரிக் விரிப்பை இழுத்து மூடினார்கள், ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, காசும் போனது.

சாப்பாட்டுக்குச் சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தை ஒழுங்கைகளுக்குப் போங்கள். குளிருக்குச் சூடான இறைச்சிச் சாற்றில் போட்ட தொர்தெல்லீனி என்ற பூரணம் வைத்த சின்னப் பாஸ்தாவைத்தான் எல்லாரும் சொல்லுவார்கள், ஆனால் உள்ளே பன்றி இறைச்சி, ரகூ என்ற இறைச்சிக் குழம்பில் மாட்டிறைச்சியும் இருக்கும். மச்சம் சாப்பிடாதவர்கள் ரிக்கோத்தா என்ற மெதுவான பாற்கட்டி வைத்த, அதைவிடப் பெரிய தொர்தெல்லோனி கேளுங்கள், வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள், நல்ல ருசி. அப்புறம், வழுக்காத சப்பாத்துப் போடுங்கள். ஆட்கள் ஈரக்காலோடு நடந்து நடந்து போர்த்திகோவின் பளபளப்பான தரை சில இடங்களில் பொல்லாத வழுக்கல்.