கலப்பினப் பசு மதிப்பீடு: வகுப்பா, இரு மாறியா?

நுவரெலியாத் தொழுவங்களில் பிரீசியன், ஜேர்சி என்ற இரு பால்மாட்டு இனங்களின் கலப்பு சாதாரணம். பால் பதிவை வைத்து மாடுகளின், காளைகளின் மரபுத் தரத்தை மதிப்பிட ஒரு வழி, பிரீசியன் பங்கை வைத்து மாடுகளை வகுப்பாகப் பிரிப்பது. எளிதுதான். ஆனால் முதல் கலப்பும், அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பிறந்ததும் இரண்டுமே 50%. கலப்பு வீரியமோ (பெற்றோர் இனங்களின் சராசரியை விடக் கலப்பில் கிடைக்கும் கூடுதல் திறன்) முன்னதில் முழுசு, பின்னதில் பாதி. அந்த வித்தியாசம் தவறாகக் காளையின் கணக்கில் ஏறிவிடும்.

மற்றது, இனப்பங்கையும் வீரியத்தையும் தனித்தனி மாறிகளாக விலங்கு மாதிரியில் (உறவுமுறையை வைத்து ஒவ்வொரு மாட்டின் மரபுத் தரத்தையும் கணிக்கும் புள்ளியியல் முறை) சேர்ப்பது. தந்தையின் பிரீசியன் பங்கு த, தாயினது தா என்றால் வீரியக் குணகம் த(1−தா)+தா(1−த). தூய பிரீசியன் காளை, பாதிக் கலப்புத் தாய்: 1×0.5+0.5×0=0.5. இதுவே மேல், காளை எண் எழுதாமல் விட்ட சினை ஊசிதான் இதற்கு எமன்.

இன்னொரு பொறி: தூய பிரீசியனும் முதல் கலப்பும் மட்டும் இருந்தால் இரு மாறியும் சேர்ந்தே நகரும்; ஒன்றின் விளைவை மற்றதிலிருந்து பிரிக்க முடியாது. பிரீசியனுக்கு மீள்கலந்ததைச் (பிரீசியன் பங்கு 0.75, வீரியம் 0.5) சேர்த்தாலும் தீராது. தூய ஜேர்சியோ, முதல் கலப்புகளை ஒன்றோடொன்று சேர்த்த இரண்டாம் தலைமுறையோ பதிவில் வேண்டும்.