சொந்தத் தீவா, ஊர்த் துறைமுகமா: உல்லாசக் கப்பல் நிறுவனங்களுக்கு எது லாபம்?

இந்தக் கேள்விக்கான இரண்டு விடைகளும் பஹாமாஸில் அருகருகே இருக்கின்றன. ராயல் கரீபியன் நிறுவனம் 25 கோடி டாலர் கொட்டிப் புதுப்பித்து 2019-இல் திறந்த கோகோகே தீவு ஒன்று. தலைநகர் நசாவின் பொதுத் துறைமுகம் மற்றொன்று.

நசாவில் கப்பல் நிறுவனம் முதல் போட வேண்டியதில்லை. கட்டணத்தைக் கட்டி நிறுத்தலாம், பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறு ஊருக்குத் திருப்பிவிடலாம். ஆனால் இறங்கிய பயணியின் பணம் டாக்சிக்காரரிடமும் ஓலைப் பின்னல் சந்தையிலும் போய்ச் சேர்கிறது. கப்பலில் விற்ற சுற்றுலா டிக்கெட்டின் பங்குதான் நிறுவனத்துக்கு மிஞ்சும்.

கோகோகேயில் நீர்ச்சறுக்குப் பூங்கா, நிழற்குடில் வாடகை, மது என எல்லாமே ஒரே கல்லாவுக்கு வருகிறது. என்றாலும் பெரிய வரவு அதுவல்ல என்பது என் கணிப்பு. அந்தத் தீவில் நிற்கும் பயணத்துக்குக் கூடுதல் டிக்கெட் விலை வைக்க முடிகிறதே, அதுதான் உண்மையான லாபம்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். டிக்கெட்டிலும் தீவிலுமாகத் தலைக்கு 50 டாலர் கூடுதலாகக் கிடைக்கிறது, நாள்தோறும் 10,000 பேர் இறங்குகிறார்கள் என்றால், நாளுக்கு 5 லட்சம் டாலர். நடைமுறைச் செலவை ஒதுக்கிவைத்தால் 500 நாளில் கோகோகேயில் போட்ட 25 கோடி டாலர் முதல் திரும்பிவிடும். வாரம் இரண்டே நாள், 5,000 பேர் வீதம் வந்தால் அதே முதலை எடுக்க ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆகும்! ஆகவே தீவின் அழகைவிடக் கப்பல்களின் எண்ணிக்கையே முக்கியம். ராயல் கரீபியனிடமிருந்து எம்ப்ரஸ் என்ற ஒரே கப்பலை வாங்கி, 2023-இல் சென்னையிலிருந்து இலங்கைக்கு ஓட்டிய கோர்டிலியா போன்ற ஒரு நிறுவனம் தீவு வாங்க நினைத்தால் கணக்கர் மயங்கி விழுவார். திருகோணமலைத் துறைமுகமே அதற்குப் போதும்.

கப்பல்கள் நிறைய இருந்தும் இறங்குதுறை இல்லாவிட்டால் சிக்கல்தான். நார்வீஜியன் நிறுவனம் 1977 முதலே கிரேட் ஸ்டிரப் கே தீவைப் பயன்படுத்துகிறது. ஆனால் பல பத்தாண்டுகளாகப் பயணிகளைச் சிறு படகுகளில்தான் கரை சேர்த்தது. அலை எழுந்தால் அன்றைய இறங்கலும் வியாபாரமும் ரத்து. கார்னிவல் கப்பல் நிறுவனம் 2025-இல் பஹாமாஸின் கிராண்ட் பஹாமா தீவில் திறந்த செலிப்ரேஷன் கீ என்ற சொந்தக் கடற்கரைத் தலம் சுமார் 60 கோடி டாலர் திட்டம். அங்கே முதலிலேயே இறங்குதுறை கட்டினார்கள். புளோரிடாவுக்கு அருகில் இருப்பதால் எரிபொருளும் மிச்சம்.

அரசியல் ஆபத்து தனி. ஹைட்டியில் வன்முறை முற்றியபோது ராயல் கரீபியன் தன் லபாடி கடற்கரைக்குக் கப்பல் அனுப்புவதை நிறுத்தியது. கப்பல் வேறு ஊருக்குப் போய்விடும், கட்டிய துறை போகாது. பஹாமாஸும் 2024 முதல் தனியார் தீவில் மட்டும் நிற்கும் பயணிக்கு 25 டாலரும் நசா போன்ற துறைமுகங்களுக்கு வருபவருக்கு 23 டாலரும் எனத் தலைவரி வைத்தது.

அதனால்தான் நசாவை ஒட்டிய பாரடைஸ் தீவில் ராயல் கரீபியன் அமைத்திருக்கும் கடற்கரை மனமகிழ் மன்றம் எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. அதில் 49 சதவீதம் வரை பஹாமாஸ் அரசுக்கும் உள்நாட்டு முதலீட்டாளர்களுக்கும் பங்கு. லாபத்தில் பாதியை விட்டுக்கொடுப்பது போலத் தோன்றும். ஆனால் அங்கே கூட்டத்தைக் குறைக்கும் எந்த வரியும் அரசின் பங்கையும் சேர்த்தே கடிக்கும்.