ஊட்டிக் குளிரில் தங்கமீனும் ஹீட்டரும்: சில வருட அனுபவம்

குளிரைத் தங்கமீன் தாங்கிவிடும். ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்காது. எங்கள் 100 லிட்டர் தொட்டியில் 100 வாட் ஹீட்டர் சில குளிர்காலங்களாக ஓடுவது அதற்காகத்தான். பக்கத்து வீட்டுப் பையன், "அண்ணா, மீனுக்கும் ஸ்வெட்டர் போட்டுட்டீங்களா?" என்று இன்னும் கிண்டலடிக்கிறான்.

கெண்டை இனத்து மீன் இது. 18 முதல் 22 டிகிரி வரை சுகமாக இருக்கும். மெல்ல மெல்லக் குளிர்ந்தால் 10 டிகிரிக்குக் கீழேயும் தாக்குப்பிடிக்கும். எங்கள் வீடு தகரக் கூரை. ஜனவரி விடியலில் வெளியே புல்லெல்லாம் உறைபனி, மதியம் கூரை சுடும். ஜன்னலோரம் தொட்டி இருந்தபோது காலையில் 11 காட்டிய தெர்மோமீட்டர் மாலையில் 18 காட்டும். அந்த வாரங்களில் மீன்கள் காலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கும், செவுள் மட்டும் மெதுவாக அசையும். இதைப் பார்த்து நோய் என்று மருந்து ஊற்றுபவர்கள் உண்டு. தேவையில்லை. தண்ணீரின் சூடுதான் மீனின் உடல் சூடும்; தண்ணீர் குளிர்ந்தால் செரிமானமும் மந்தமாகிவிடும். 10 டிகிரிக்குக் கீழே போனால் நான் தீனியே போடுவதில்லை. 12, 13 என்றால் கொஞ்சம், அதுவும் மதியத்துக்கு மேல். ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் குளிரில் சோம்பிப்போகும் என்பதால், மிச்சத் தீனி மீனுக்கு நஞ்சான அம்மோனியாவாகத் தேங்கும்.

திடீர்க் குளிர் வேறு சங்கதி. ஒரே இரவில் நாலைந்து டிகிரி இறங்கினால் மீனின் எதிர்ப்புச் சக்தி குறையும், வெள்ளைப் புள்ளி நோய் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். தங்கமீன்களில் ஒற்றை வால் காமெட் வகை சமாளிக்கும். உருண்டை உடம்புக்கார ஒரண்டா வகை அவ்வளவு திடம் கிடையாது.

அதற்காக ஹீட்டரைக் கூட்டி வைக்கவும் கூடாது. சமவெளி நண்பர்கள் "26-ல வைங்க" என்பார்கள். அது வெப்பமண்டல மீன்களுக்கான கணக்கு. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். கடல் மட்டத்தில் 10 டிகிரி நீரில் லிட்டருக்கு சுமார் 11 மில்லிகிராம் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தமே கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு, கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். நம் ஊர்க் குளிர்தான் அதை ஓரளவு ஈடுகட்டுகிறது. நான் 18-லேயே வைத்திருக்கிறேன், ஏர் பம்பை நிறுத்துவதே இல்லை.

ஹீட்டரைப் பற்றி: டயலை நம்பாதீர்கள். என்னுடையதில் டயலுக்கும் உண்மைக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம், தனி தெர்மோமீட்டர் கட்டாயம். தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி ஆறவிட வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் வெளியே தெரிந்து, மேலே குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். மாற்றுத் தண்ணீரை முந்தின நாளே பிடித்து அதே அறையில் வைத்துவிடுவேன், வெந்நீர் கொஞ்சம் கலந்து சூட்டைச் சரிக்கட்டுவேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் சுற்றினால் போதும், 100 லிட்டர் சட்டென்று ஆறாது. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ப்பவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

காமெட் மட்டும் வளர்த்தால் ஹீட்டர் வாங்க வேண்டாம், தொட்டியை உள்சுவர் ஓரம் நகர்த்துங்கள்.

கோயம்புத்தூரில் மீன் வாங்கி வருபவர்களுக்கு ஒன்று. பையிலிருக்கும் தண்ணீர் 27, 28 இருக்கும், உங்கள் தொட்டி 14 இருக்கலாம். கடையில் சொல்வதுபோல் பையைத் தொட்டியில் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டால் இங்கே போதாது. மீனைப் பைத் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, ஏர் பம்பு போட்டு, மணிக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் இறங்காதபடி தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ராத்திரி முழுக்க ஆனாலும் பரவாயில்லை.