ஐயாவுக்கு வாங்கின காது மெசின், கிளினிக்கில வைச்சுப் பாத்த ரிவியூ

காது மெசின் வாங்கலாமோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிற ஆக்களுக்காக எழுதுறன். கனபேர் ரீவி கேக்குதோ, போன் கேக்குதோ எண்டுதான் பாக்கினம், நான் பாத்தது ஒண்டே ஒண்டுதான், கிளினிக்கில டொக்டர் சொல்லுறது ஐயாவுக்கு நேர விளங்குதோ எண்டு.

ஐயா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில வேலை செய்தவர், 1990ல அது மூடுமட்டும் அந்த இரைச்சலுக்குள்ளதான். பேந்து ஷெல் சத்தம், இப்ப வயசு. வீட்டில எல்லாரும் கத்திக் கதைச்சுப் பழகிட்டம், ஆனா சீனிக்கும் பிறசருக்கும் கிளினிக் போற இடத்தில அது சரிவராது. நம்பர் கூப்பிடுறது கேக்காது, ஃபான் இரையும், பக்கத்து மேசையில இன்னொரு டொக்டர் வேற ஆளோட கதைப்பார், எங்கட டொக்டர் மாஸ்க் போட்டுக்கொண்டு கொப்பியில எழுதி எழுதித்தான் கேப்பார். ஐயா எல்லாத்துக்கும் ஓம் ஓம். கால் விறைக்குதோ எண்டாலும் ஓம், குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ எண்டாலும் ஓம். கொஞ்ச நேரத்தில டொக்டர் என்னைப் பாத்துக் கதைக்கத் தொடங்கிடுவார், வருத்தக்காரன் பக்கத்தில சும்மா இருப்பார். அவருக்குள்ள என்ன செய்யுது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒருக்கா தனியப் போன இடத்தில "ரெண்டு நேரமும் ஒவ்வொண்டு" எண்டு சொன்னது அவருக்கு "ஒரு நேரம் ரெண்டு" எண்டு விளங்கி, அடுத்த கிளினிக் மட்டும் அப்பிடியே போட்டவர்.

இது எங்கட வீட்டுக் கதை மட்டும் இல்ல. அமெரிக்காவில ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆக்கள் 2018ல வெளியிட்ட ஆய்வு ஒண்டு இருக்கு, காது குறைஞ்சும் அதுக்கு ஒண்டும் செய்யாம விட்ட ஆக்களை, காது நல்லாக் கேக்கிற ஆக்களோட 10 வருசக் கணக்கில ஒப்பிட்டவை. விட்ட ஆக்கள் ஆஸ்பத்திரியால வீட்ட வந்து 30 நாளுக்குள்ள திரும்ப வாட்டுக்குப் போற வாய்ப்பு 44 வீதம் கூடவாம். வீட்ட போய் என்ன செய்யோணும் எண்டு சொன்னது வடிவா விளங்காட்டி வேற என்ன நடக்கும் சொல்லுங்கோ.

சரி மெசினுக்கு வாறன். முதல்ல காதுக்குள்ள குறும்பி அழுக்கு கிடக்கோ எண்டு காட்டோணும், அதாலையும் காது கேக்கிறது குறையும், யாழ் போதனா வைத்தியசாலையில காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு, காசில்ல. குறும்பி இல்லையெண்டா பேந்து காதுப் பரிசோதனை. நாங்கள் மெசின் எடுத்த இடத்தில சத்தம் புகாத சின்ன அறைக்குள்ள ஐயாவை இருத்தி, ஹெட்போனில சின்னச் சின்னச் சத்தமா விட்டு, கேக்கேக்க பட்டனை அமத்தச் சொல்லிச்சினம். பரிசோதிச்ச பிள்ளை அதில வந்த வரைபடத்தைக் காட்டிச் சொன்னவா, தடிச்ச சத்தம் ஐயாவுக்கு ஓரளவு கேக்குது, கீச்சுச் சத்தம்தான் விழுந்துபோச்சு, அதால க், ச், ப் மாதிரி எழுத்துகள் கேக்காது, பல்லும் கல்லும் அவருக்கு ஒண்டுதான் எண்டு. நாங்கள் கத்தேக்க சத்தம் பெருக்குமே தவிர எழுத்துத் தெளியாதாம். மாஸ்க் போட்டா இன்னும் மோசம், அதே கீச்சுச் சத்தத்தைத்தான் துணியும் மறைக்குது, வாயசைவும் தெரியாது. ஆறுதலா, முகத்தைப் பாத்துக் கதைக்கிறதுதான் உதவும் எண்டு சொன்னவா. இந்த விளக்கத்துக்கே நான் அந்த இடத்துக்கு முழுப் புள்ளி குடுப்பன். முகநூல் விளம்பரத்தில வாற மலிவுச் சாமான் வேண்டாம், அது ஃபான் சத்தத்தையும் சேத்துப் பெருப்பிக்கும், வரைபடத்தைப் பாத்து ஆளுக்கேத்த மாதிரி செட் பண்ணுறதுக்குத்தான் காசு.

முதல் கிழமை ஐயா கழட்டிக் கழட்டி வைச்சவர், பேப்பர் புரட்டுற சத்தமே அவருக்கு இடி. திரும்பக் கொண்டுபோய்க் குறைச்சு செட் பண்ணினாப் பிறகுதான் பழகினார். அதுக்குப் பிறகு வந்த கிளினிக்கில டொக்டர் கேக்க முதலே ஐயா சொல்லுறார், "இரவில ரெண்டு பாதமும் எரியுது டொக்டர், பாயில வைக்கேலாது." எனக்கே அது புதுசு. டொக்டர் செருப்பைக் கழட்டச் சொல்லி, கண்ணை மூட வைச்சு, காலில உணர்வு இருக்கோ எண்டு பாக்க மெல்லிசா ஒரு நைலோன் நாரால பெருவிரல் அடியில தொட்டுத் தொட்டுக் கேட்டவர். ஐயா "இப்ப படுது... இப்ப இல்ல" எண்டு தானே பதில் சொன்னவர். நான் வாயே திறக்கேல்ல, எனக்கு அழுகை வந்திட்டுது.

குறையும் இருக்கு. விலை மத்தியதரக் குடும்பத்துக்குப் பாரம். காதுக்குள்ள வைக்கிற அச்சு சரியா இருக்காட்டி மெசின் கூவும். பற்றறி காத்துப்பட வேலை செய்யிற வகை, ஸ்ரிக்கரை உரிச்சா, மெசின் போட்டாலும் போடாட்டிலும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும், அதால தேவைப்படேக்க மட்டும் உரியுங்கோ. எங்கட வெக்கையில வேர்வை ஈரம் ஏறும், இரவில ஈரம் உறிஞ்சுற மணி போட்ட டப்பாக்குள்ள வைக்கோணும்.

மெசின் வாங்க வசதியில்லாத ஆக்கள் இதையாவது செய்யுங்கோ: கிளினிக் கொப்பி மட்டையில "காது குறைவு, மாஸ்க் போட்டுக் கதைச்சா விளங்காது, ஆறுதலாச் சொல்லுங்கோ, குளிசை விபரத்தை எழுதித் தாங்கோ" எண்டு பெரிசா எழுதி ஒட்டுங்கோ, டொக்டர் சொன்னதை வருத்தக்காரரைக்கொண்டே திருப்பிச் சொல்லுவியுங்கோ. மெசின் வந்தாப் பிறகும் நாங்கள் அந்த மட்டையைக் கழட்டேல்ல. இப்ப ஐயாவுக்கு வலது காதுக்கு மட்டும்தான் போட்டிருக்கு, இடதுக்கும் போட்டா இரைச்சலுக்குள்ள இன்னும் தெளிவாக் கேக்கும் எண்டு சொல்லினம், காசு சேந்தோண்ண அதையும் போடப்போறம்.