இட்டோ யோகாடோ: சாப்பாட்டுத் தளத்துக்குப் போங்கள், மாடியை மறந்துவிடுங்கள்

டோக்கியோவில் எடோகாவா பக்கம் புதிதாகக் குடிவரும் நம்மூர்க் குடும்பங்கள் வீடு பார்த்த கையோடு கேட்பது, "சாமானெல்லாம் எங்கே வாங்குறீங்க?" துவரம் பருப்புக்கும் புளிக்கும் நிஷிகசாயில் இந்தியக் கடைகள் இருக்கின்றன. மீன், காய், பால், முட்டைக்கு நாங்கள் வந்த நாளிலிருந்து போவது இட்டோ யோகாடோ, புறாச் சின்னத்துக்குப் பேர்போன பெரிய சூப்பர் மார்க்கெட். அந்த நிறுவனம் இப்போது கைமாறிவிட்டது, கடைகளும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டன. இனிமேலும் அங்கே போகலாமா என்று கேட்கிறார்கள். என் அனுபவத்தில் போகலாம், ஆனால் சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும்.

முதலில் மீன். பனிக்கட்டி மேல் முழு மீனாக வைத்திருக்கும் மத்தியையோ ஐலையையோ காட்டி, தலையும் குடலும் எடுத்துத் தரச் சொன்னால் செய்து தருவார்கள். சீட்டு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். காய்கறி வாங்கி முடித்துத் திரும்பினால் மீன் தயாராக இருக்கும். குழம்புக்குத் துண்டு போடுவதை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், நம் கணக்குக்கு அவர்கள் வெட்டுவதில்லை.

அடுத்தது காய்கறி. வெள்ளரிக்காய், தக்காளிப் பொட்டலங்களில் விளைவித்த விவசாயியின் முகம் சின்னப் படமாக வரைந்திருக்கும், பக்கத்தில் ஓர் எண். அந்த எண்ணைக் கொண்டு யார், எந்த ஊரில், எப்படி விளைவித்தார் என்று இணையத்தில் பார்க்கலாம். 2002-இல் தொடங்கிய ஏற்பாடு. சும்மா விளம்பரம் என்றுதான் நானும் நினைத்தேன், ஆனால் என் மனைவி ஒரே விவசாயியின் கத்தரிக்காயைத் தேடி எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

8, 18, 28 தேதிகளில் அவர்களுடைய அட்டைக்கு 5 சதவீதத் தள்ளுபடி என்பது பல வருடப் பழக்கம். அரிசி மூட்டை, எண்ணெய் எல்லாம் அந்த நாள்களுக்கென்றே ஒதுக்கி வைப்போம். சாயங்காலம் கொஞ்சம் தாமதமாகப் போனால் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுபவர் பொரித்த உணவுப் பகுதிக்கு வருவார். பெரிய அதிகாரி, பள்ளிக்கூடப் பையன் என்ற வித்தியாசமில்லாமல் எல்லோரும் எங்கேயோ பார்ப்பதுபோல் அவரையே சுற்றி நிற்பார்கள். யாரும் கையை நீட்டி ஒட்டச் சொல்ல மாட்டார்கள். அந்த நாகரிகம் எனக்குப் பிடிக்கும்.

சரி, இவ்வளவு நன்றாக நடக்கும் கடை ஏன் நொடித்தது? எஸ்கலேட்டரில் ஏறிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டாவது தளத்தில் துணிமணி, அதற்கு மேல் மெத்தை, பாத்திரம், பொம்மை, பள்ளிப் பை. எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் விற்பதுதான் இந்தக் கடைகளின் அடிப்படை. துணியில் கிடைக்கும் கூடுதல் லாபம், கீழே சாப்பாட்டுச் சாமானைக் குறைந்த விலைக்குக் கொடுக்கக் கைகொடுத்தது. அப்புறம் துணிக்கு யுனிக்ளோ வந்தது, ஷிமாமுரா வந்தது, மெத்தை திரைச்சீலைக்கு நிட்டோரி வந்தது. ஒவ்வொருவரும் ஒரு தளத்தைத் தின்றுவிட்டார்கள். எங்கள் வீட்டிலேயே குழந்தையின் குளிர்கோட்டுக்கு யுனிக்ளோ, மெத்தைக்கு நிட்டோரி. யோகாடோ மாடியில் வாங்கியது காலுறையும் குடையும்தான்.

இதில் வேடிக்கை, இந்த நிறுவனம் பிறந்ததே துணிக்கடையாகத்தான். 1920-இல் டோக்கியோவின் அசகுசாவில் திறந்த சின்னக் கடை அது. அதைப் பெரிய சங்கிலியாக வளர்த்தவர் மசதோஷி இட்டோ, 2023-இல் 98 வயதில் காலமானார். 1974-இல் டென்னிஸ் உணவகம், அதே ஆண்டு டோக்கியோவின் டோயோசுவில் முதல் செவன் இலெவன் சிறுகடை என்று ஜப்பானுக்குக் கொண்டுவந்ததும் இந்த வீடுதான். செவன் இலெவன் என்ற பிள்ளை பெற்றோரைவிடப் பெரிய ஆளாகி, 2005-இல் செவன் அண்ட் ஐ என்ற குடைக்கீழ் தாய்க்கடையும் ஒரு கிளையாகிப்போனது. பிறகு முதலீட்டாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள்: லாபம் தருவது செவன் இலெவன், இதை ஏன் சுமக்க வேண்டும்? பூர்வீகத் தொழிலைக் கைவிட மனம் வராததால்தான் இவ்வளவு இழுத்தது என்பது என் ஊகம். மாடியை மூடும் முடிவு இருபது வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்.

வந்தபோது மொத்தமாக வந்தது. 2016 வாக்கில் 180-ஐத் தாண்டியிருந்த கடைகளை, 2023-இல் அறிவித்த திட்டப்படி 126-இலிருந்து 93 ஆக்க முடிவு செய்தார்கள். சொந்தத் துணி வியாபாரத்துக்கும் முழுக்கு. 2024-இல் ஹொக்கைடோ, டொஹோக்கு, ஷின்எட்சு பகுதிகளை விட்டு விலகுவதாக அறிவிப்பு. துணித் தளத்தில் அடாஸ்ட்ரியா என்ற வேறொரு நிறுவனம் தயாரிக்கும் உடைகள் வந்தன. கடைசியில் 2025 செப்டம்பரில் சூப்பர் மார்க்கெட் கிளை முழுவதும் சுமார் 81,470 கோடி யென்னுக்கு அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பெய்ன் கேப்பிட்டல் பக்கம் போனது. செவன் அண்ட் ஐயும் இட்டோ குடும்பமும் ஒரு பங்கை வைத்திருக்கின்றன.

வீட்டுக்கு அனுப்பும் இணைய விற்பனையும் இதில் அடிபட்டது. 2001-இல் எங்கள் கசாய்க் கடையில்தான் அதைத் தொடங்கினார்கள். கடை அலமாரியிலிருந்து ஆளே பொறுக்கி அனுப்பும் முறை அது. பிறகு ஷின் யோகோஹாமாவில் பெரிய கிடங்கு கட்டினார்கள்; 2025 பிப்ரவரியோடு அந்தச் சொந்த சேவையையே நிறுத்திவிட்டு வேறு நிறுவனத்தோடு கைகோத்தார்கள். மழையில் தண்ணீர்க் கேன் தூக்கும்போதெல்லாம் இந்த முடிவு எனக்கு நினைவுக்கு வரும்.

இவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1980-இல் ஆண்டு விற்பனை ஒரு லட்சம் கோடி யென்னைத் தொட்ட முதல் ஜப்பானியச் சில்லறை நிறுவனம் டாயெய். கடனில் மூழ்கி 2004-இல் அரசு ஆதரவு பெற்ற மீட்பு அமைப்பிடம் போய், பிறகு போட்டிக் குழுமமான இயானுக்குள் அடங்கியது. மைகல் என்ற இன்னொரு சங்கிலி 2001-இல் திவால். செய்யூ என்ற சூப்பர் மார்க்கெட் வால்மார்ட்டிடம் போய், முதலீட்டு நிறுவனமான கேகேஆரிடம் போய், 2025-இல் ட்ரையல் என்ற தள்ளுபடிக் கடை நிறுவனத்திடம் வந்து நிற்கிறது. இவர்களோடு ஒப்பிட்டால் நெடுங்காலம் சமாளித்தது யோகாடோதான்.

எனக்கு உறுத்துவது வயதானவர்கள் விஷயம். 15, 25 தேதிகளில் 60 வயது தாண்டியவர்களுக்குத் தனித் தள்ளுபடி உண்டு. அன்றைக்குப் பார்த்தால் தாத்தா பாட்டிகள் காலையிலேயே வந்து, கீழே காய், மேலே உள்ளாடை, நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் என்று அரை நாளைக் கழிப்பார்கள். அவர்களிடம் யுனிக்ளோ செயலியைப் பதிவிறக்கச் சொல்ல முடியுமா? மூடிய கடைகள் சிலவற்றை லோப்பியா என்ற உணவுச் சூப்பர் மார்க்கெட் போன்றவர்கள் எடுத்து நடத்துகிறார்கள். சாப்பாடு கிடைக்கும், நூல்கண்டும் ஊசியும் கிடைக்குமா என்பதுதான் சந்தேகம்.

இப்போதைக்கு எங்கள் வழக்கம் இப்படி: மீன், முட்டை, கீரை வகை, சமைத்த உணவு யோகாடோவில். 2024-இல் வந்த யார்க் டெலி பெயரிலான உணவுகள் பழையதைவிடத் தேவலை. ஆனால் பன்றி, மாட்டிறைச்சிச் சாறு எதிலும் இருக்கலாம், பொட்டலத்தில் ஒட்டிய லேபிளைப் படிக்காமல் எடுக்காதீர்கள். மைதா, எண்ணெய், உறைந்த காய் மொத்தமாக வேண்டுமென்றால் கியோமு சூப்பர் என்ற கடை மலிவு. உளுந்தும் கறிவேப்பிலையும் எப்படியும் நிஷிகசாய்தான்.