ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் கதவு சாத்தவில்லையா? எங்கள் வீட்டு அனுபவம்

எங்கள் வீட்டு மெஷின் 2017-ல் வாங்கியது. ஃப்ரன்ட் லோடு, ஏழு கிலோ. சேலம் அம்மாபேட்டையில் மாமனார், மாமியார், பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக இருக்கும் வீடு. மெஷின் ஓடாத நாள் என்று ஒன்று கிடையாது. துவைப்பில் இன்றுவரை குறை சொல்ல எதுவும் இல்லை. மோட்டார் நன்றாக இருக்கிறது, டிரம் நன்றாக இருக்கிறது. எங்களைப் பாடாய்ப் படுத்தியது கதவு மட்டும்தான். கடையில் எல்லாரும் ஸ்பின் வேகம் கேட்கிறோம், ஸ்டார் எத்தனை என்று கேட்கிறோம். கதவைத் திறந்து கீலையும் கொக்கியையும் தொட்டுப் பார்க்கிறவர் யாருமில்லை. தினமும் நம் கை படும் இடமே அதுதான், தேய்வதும் அதுதான்.

கதவுக் கோளாறு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கதவு சாத்தவே சாத்தாது. தள்ளினால் ‘டக்’ என்ற சத்தம் இல்லாமல் திரும்பி வந்துவிடும். இன்னொன்று, கதவு ஒழுங்காகச் சாத்தும், ஆனால் ஸ்டார்ட் அழுத்தினால் கதவு திறந்திருப்பதாக மெஷின் எரர் காட்டும். முதலாவது கொக்கி, கீல், ரப்பர் சம்பந்தப்பட்டது. இரண்டாவது லாக்கும் வயரும். போனில் மெக்கானிக்கைக் கூப்பிடும்போதே இதில் எது என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், அவர் சரியான சாமானோடு வருவார். எங்களுக்கு இரண்டுமே வந்தது, சில வருஷ இடைவெளியில்.

முதலில் வந்தது சாத்தாத கோளாறு. கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தள்ளினால் மாட்டிக்கொள்ளும், சும்மா தள்ளினால் மாட்டாது. அப்படியே சில மாதம் ஓட்டினோம். பிறகு தூக்கினாலும் மாட்டவில்லை. சர்வீஸ் சென்டரிலிருந்து வந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கதவு முழு செட்டா மாத்தணும் மேடம்” என்றார். சொன்ன விலை மெஷின் விலையில் ஒரு நல்ல பங்கு. எனக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணாடியில் கீறல் இல்லை, வளையத்தில் விரிசல் இல்லை. பிறகு எதற்கு முழுக் கதவு?

அரிசிபாளையத்தில் பல வருஷமாக மெஷின் வேலை பார்க்கும் ஓர் அண்ணன் வந்தார். அவர் செய்த முதல் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. “பூஜை ரூம்ல இருந்து கொஞ்சம் குங்குமம் கொண்டாங்கக்கா” என்றார். அதைத் தண்ணீரில் குழைத்துக் கொக்கியின் நுனியில் ஒரு பொட்டு வைத்தார். கதவை மெதுவாகச் சாத்தித் திறந்தார். கொக்கி நுழைய வேண்டிய துளைக்குக் கீழே, வெள்ளைத் தகட்டின் மேல், சிவப்பாக ஒரு தடம். துளைக்கும் தடத்துக்கும் ஒரு நெல்மணி அளவு தூரம்தான் இருக்கும். ஆனால் அந்த அளவு கதவு தொங்கிப் போயிருந்தால் கொக்கி எந்தக் காலத்திலும் உள்ளே போகாது. பிரச்சினை கொக்கியிலா கீலிலா என்று ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை. சோதனை முடிந்ததும் ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள், கறை பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, கதவை முழுக்கத் திறந்து, கீல் இல்லாத பக்கத்து ஓரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துக் காட்டினார். அது அசையவே கூடாது; எங்களுடையது நன்றாகவே ஆடியது. கீலை பாடியோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருந்தன. கதவின் எடையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, சரியான மட்டத்துக்குத் தூக்கி வைத்து முறுக்க வேண்டும். தொங்கிய நிலையிலேயே முறுக்கினால் தொங்கிய நிலையிலேயே இறுகிவிடும். கீலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் (கீல் திரும்பும் இடத்தில் இருக்கும் சின்னக் குழாய் போன்ற வளையம்) தேய்ந்திருந்தால் ஸ்க்ரூவை முறுக்கிப் பயனில்லை, கீலையே மாற்ற வேண்டும்.

கதவு ஏன் தொங்குகிறது என்பதற்கும் காரணம் இருந்தது. அத்தைக்கு முட்டி வலி. கீழே குனிந்து துணியை எடுத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். அந்தக் கீல் கண்ணாடியின் பாரத்துக்காகச் செய்தது, ஆள் பாரத்துக்கு இல்லை. அதற்குப் பிறகு மெஷினைக் கனமான இரும்பு ஸ்டாண்டின் மேல் ஏற்றினோம். பக்கத்தில் அத்தைக்கு ஒரு ஸ்டூல். உட்கார்ந்தபடியே எடுத்துப் போடுகிறார். கதவுக்கும் நல்லது, அத்தைக்கும் நல்லது. ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு நான்கு காலும் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

கீல் சரியானது. ஆனால் கொக்கியும் சோர்ந்துதான் இருந்தது. விரலால் அழுத்திவிட்டால் கொக்கி சட்டென்று பழைய இடத்துக்குத் துள்ளி வர வேண்டும். எங்களுடையது அழுத்திய இடத்திலேயே நின்றது. கதவைக் கழற்றித் தரையில் கனமான துண்டை விரித்துக் கவிழ்த்துப் போட்டார். சுற்றிலும் உள்ள ஸ்க்ரூக்களை எடுத்ததும் வளையம் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே கொக்கி, அதன் ஊடே ஒரு மெல்லிய இரும்புப் பின், பின்னைச் சுற்றி ஒரு குட்டி ஸ்பிரிங். ஸ்பிரிங் துருப்பிடித்து ஒரு கால் உடைந்து கிடந்தது. பின்னைச் சுற்றி, காய்ந்த சுண்ணாம்பு போல வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. முழுக் கதவையும் மாற்றச் சொன்ன கோளாறின் மொத்த உருவமும் அவ்வளவுதான். கொக்கி, பின், ஸ்பிரிங் மூன்றும் சேர்ந்த செட்டுக்குச் சில நூறு ரூபாய் ஆனது. நீங்களே பிரிப்பதாக இருந்தால் ஸ்பிரிங்கின் கால்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கின்றன என்று பிரிக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். மாற்றிப் போட்டால் கொக்கி துள்ளாது.

அந்த வெள்ளை உப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சேலத்தில் மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் துவைப்பதும் போர் தண்ணீரில் துவைப்பதும் ஒன்றல்ல என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். சோப்புத் தூளின் மிச்சத்தோடு சேர்ந்து அவை கொக்கி, லாக் துளை, கதவு வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் காஸ்கெட்டின் மடிப்பு என்று எல்லா இடத்திலும் படிகின்றன. நான் இப்போது கதவோரத்தையும் கொக்கியையும் ஈரத்துணியால் துடைப்பதைத் தினசரி வேலையாகவே வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை போல, துணி போடாமல் எலுமிச்சை உப்பைப் போட்டு வெந்நீர் புரோகிராமில் ஓட விடுகிறேன். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். காஸ்கெட் மடிப்பை விரித்தும் பாருங்கள். சட்டைப் பட்டன், ஹேர்பின், கொலுசு முத்து என்று எது வேண்டுமானாலும் கிடக்கும். புடவைத் தலைப்பு ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் கதவு சாத்தாது.

இரண்டாவது கோளாறு லாக்கில் வந்தது. கொக்கி நுழையும் துளைக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டிதான் டோர் லாக். பல மெஷின்களில் ஸ்டார்ட் அழுத்தியதும் உள்ளே ஒரு வில்லை சூடாகி, அதை ஒட்டிய ஈருலோகப் பட்டை வளைந்து, ஒரு முளையைத் தள்ளிக் கதவைப் பூட்டும். நமக்குக் கேட்கும் ‘க்ளிக்’ அதுதான். துவைத்து முடிந்ததும் கதவு உடனே திறக்காமல் ஓரிரு நிமிஷம் காக்க வைப்பதும் அந்தப் பட்டை ஆறுவதற்காகத்தான். அந்த நேரத்தில் கதவைப் பிடித்து இழுத்தால் கொக்கிதான் உடையும். எங்கள் வீட்டுச் சின்னவனுக்கு இதைப் புரியவைக்க எனக்கு வெகுநாள் ஆனது.

ஒரு நாள் கதவு சாத்தியிருந்தும் க்ளிக் வரவில்லை. அதே அண்ணன்தான் வந்தார். பிளக்கைப் பிடுங்கினார், காஸ்கெட்டின் முன்பக்கக் கம்பி வளையத்தை நெம்பி எடுத்தார், துளைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே கைவிட்டு லாக்கை வெளியே எடுத்தார். ஒரு முனையில் பிளாஸ்டிக் கருகியிருந்தது. புது லாக் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. திரும்ப மாட்டும்போது காஸ்கெட்டின் வடிகால் ஓட்டைகள் சரியாக அடியில் வர வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பில் தண்ணீர் தேங்கி நாற்றம் வரும்.

லாக்கே இல்லாமல், அதற்குப் போகும் வயர்களை ஒன்றோடொன்று நேராக முறுக்கிவிட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். டிரம் நிமிஷத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் சுற்றும்போது கதவு திறந்தால் குழந்தையின் கைக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதே மெஷினைத் திரும்ப வாங்குவேனா என்றால், வாங்குவேன். ஆனால் கடையிலேயே கதவைத் திறந்து ஆட்டிப் பார்ப்பேன், கொக்கி உலோகமா பிளாஸ்டிக்கா என்று பார்ப்பேன், கொக்கி தனியாகக் கிடைக்குமா என்று கேட்பேன். உதிரிபாகம் தராமல் முழு செட்டையே வாங்கச் சொல்லி அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், தமிழிலேயே பேசலாம். பாகம் வாங்கப் போகும்போது பழைய கொக்கியைக் கையில் எடுத்துப் போங்கள். மெஷினில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பர் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியில் பார்க்க ஒன்று போலவே இருக்கும் இரண்டு மாடலுக்குக் கொக்கியின் நீளம் வேறாக இருக்கலாம்.