குளிர் காலையில் ஓட்ஸ் கஞ்சி: பல பருவங்கள் காய்ச்சிப் பார்த்த பிறகு

அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் ஆவதற்குள் ஓட்ஸ் கஞ்சி வேறு பண்டமாகிவிடும். இறக்கும்போது கரண்டியிலிருந்து வழிந்து ஓடியது, உட்கார்ந்து வாயில் வைக்கும்போது கிண்ணத்தில் அப்படியே நிற்கும். வெந்த மாவுச்சத்து சூடு குறையக் குறைய இறுகுகிறது. பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பசையாகிறது. வெயில் காலத்தில் இது பெரிய தொல்லை இல்லை. சமையலறையே 12 டிகிரியில் இருக்கும் காலை நேரங்களில்தான் பலரும் "ஓட்ஸ் நமக்கு ஒத்துவராது" என்று டப்பாவை மூடிவைத்துவிடுகிறார்கள். குளிர்காலம் முழுக்க இதையே காலை உணவாக வைத்துக்கொள்ள நினைத்தால் முதலில் கைவர வேண்டிய பழக்கம் ஒன்றுதான்: வேண்டிய பதத்துக்கு ஒரு படி நீர்க்க இருக்கும்போதே இறக்கிவிடுவது. அடுப்பிலேயே சரியான பதம் வந்துவிட்டது என்றால் ஏற்கெனவே தாமதம்.

எந்த ஓட்ஸ் என்ற கேள்விக்கு நீண்ட காலப் பயன்பாட்டில் கிடைக்கும் பதில் ரோல்டு ஓட்ஸ். ஆவியில் வேகவைத்து உருளையால் தட்டையாக்கிய, முழு வட்டமாகத் தெரியும் அவல் அது. 5 முதல் 8 நிமிடத்தில் வெந்துவிடும், வாயில் கொஞ்சம் மெல்லுவதற்கும் மிச்சம் வைக்கும். குயிக் ஓட்ஸ் அதையே வெட்டி இன்னும் மெல்லிதாகத் தட்டியது. இரண்டு நிமிடத்தில் வேகும், மூன்றாவது நிமிடத்தில் கூழாகும். இன்ஸ்டன்ட் முன்பே வெந்து உலர்ந்த பொடி போன்றது. அவசரத்துக்கு இருக்கட்டும், தினசரிக்கு வேண்டாம். சுவையூட்டிய பாக்கெட்டுகளில் ஒன்றிலேயே 10 கிராமை ஒட்டிச் சர்க்கரை இருப்பது சாதாரணம். தவிர, துகள் சிறிதாகச் சிறிதாகச் செரிமானம் விரைவாகிறது: முழு மணியை வெட்டிய ஸ்டீல் கட், ரோல்டு இரண்டின் கிளைசெமிக் குறியீடு (உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்ற அளவு) 50-களில் நிற்க, இன்ஸ்டன்ட் 70-ஐத் தாண்டுகிறது. பதினொரு மணிக்கே பசிப்பதாகச் சொல்பவர்கள் எந்த வகையைச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்டீல் கட் என்பது முழு மணியை இரண்டு மூன்று துண்டாக வெட்டியது. நொய் போல இருக்கும். சுவையில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் 25 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்கு வழி உண்டு, பின்னால் சொல்கிறோம்.

ஒருவருக்கான அளவு: ரோல்டு ஓட்ஸ் 40 கிராம் (அரை கப்), திரவம் 240 மி.லி., உப்பு தாராளமாக ஒரு சிட்டிகை. குளிர் நாளில் இதோடு 30 மி.லி. கொதிநீரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் பதம் திருத்த. குளிர்ந்த தண்ணீரிலேயே ஓட்ஸைப் போட்டு அடுப்பேற்றினால் மாவுச்சத்து மெல்ல வெளியேறிக் கஞ்சி வழவழப்பாக வரும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் அவல் தனித்தனியாக நிற்கும். இரண்டும் சரிதான், நாக்கைப் பொறுத்தது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் அடியோடு கிளறினால் போதும். விடாமல் கிளறுவது அவலை உடைத்துப் பசையாக்கும். ஐந்தாவது நிமிடத்தில் அடுப்பை அணைத்து, மூடி போட்டு இரண்டு நிமிடம் விட்டால் மிச்ச வேக்காடு தானாக நடக்கும்.

உப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இனிப்பாகச் சாப்பிட்டாலும் உப்பு வேண்டும். உப்பில்லாத ஓட்ஸ் காகிதம் ஒட்டும் பசையின் வாசனையோடுதான் இருக்கும். அதை மறைக்கத்தான் ஸ்பூன் ஸ்பூனாகச் சர்க்கரை போகிறது. உப்பைக் கடைசியில் தூவினால் மேலோடு நிற்கும், அவலுக்குள் இறங்காது. வேகும்போதே சேர்க்க வேண்டும். இன்னொரு சிறு வேலை, ஆனால் பலன் பெரிது: வெறும் பாத்திரத்தில் நடுத்தரத் தீயில் மூன்று நான்கு நிமிடம் ஓட்ஸை வறுப்பது. கொட்டைப் பருப்பு வறுபடும் மணம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நிறம் மாறும் வரை காத்திருந்தால் கசப்பு. வாரத்துக்கு வேண்டியதை ஒரே தடவை வறுத்து ஆறவைத்து டப்பாவில் போட்டுக்கொள்ளலாம்.

பாலிலேயே காய்ச்சலாமா? காய்ச்சலாம், ஆனால் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பாலின் புரதம் அடியில் படிந்து பிடித்துக்கொள்ளும். ஒருமுறை அடிப்பிடித்தால் அந்தத் தீய்ந்த வாடை பாத்திரம் முழுக்கப் பரவும். அப்போது கிளறவே கூடாது, மேலாக உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் ஓரளவு தப்பிக்கலாம். இதையெல்லாம் தவிர்க்க எளிய முறை: 160 மி.லி. தண்ணீரில் வேகவைத்து, கடைசி இரண்டு நிமிடத்தில் 80 மி.லி. பால் சேர்ப்பது. கொழுமைக்குக் குறையே தெரியாது. பொங்கி வழிவதற்கும் காரணம் இதே மாவும் புரதமும்தான்: நுரையின் சுவரைக் கெட்டியாக்கி ஆவியை உள்ளே அடைத்துவிடுகின்றன. பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கால் டீஸ்பூன் வெண்ணெய் போட்டால் நுரை அடங்கும். தாவரப் பால் ஊற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாதாம் பால் கொதித்தால் திரியக்கூடும், கடைசியில் ஊற்றிச் சூடேறினால் போதும். வீட்டில் அரைத்த ஓட்ஸ் பாலைச் சூடாக்கினால் கோழை மாதிரி இழுபடும். கடையில் வரும் ஓட்ஸ் பாலில் மாவுச்சத்தை நொதியால் உடைத்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

இனி சூடு. குளிர்காலக் கஞ்சியின் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது, ஆனால் சமையல் குறிப்புகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. கொஞ்சம் கணக்குப் போடுவோம். வெந்த கஞ்சி 250 கிராம், 90 டிகிரி. அதை 12 டிகிரியில் இருக்கும் 350 கிராம் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினால், கிண்ணம் மட்டுமே சுமார் 18 டிகிரியை உறிஞ்சிவிடும். தனியாகப் பார்த்தால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த 60 மி.லி. பால் 16 டிகிரியைக் குறைக்கும். உறைந்த பெர்ரி 50 கிராம் போட்டால் அது உருகவே நிறைய வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 28 டிகிரி போய்விடும். மூன்றையும் சேர்த்துச் செய்தால் கஞ்சி 45 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், காற்றில் ஆறுவது இதில் சேராமலே. சூடான கஞ்சி என்று அதைச் சொல்ல முடியாது. ருசியாகச் சாப்பிட 60 முதல் 65 டிகிரி வேண்டும்.

ஆகவே கஞ்சி வேகும் நேரத்தில் கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றி வையுங்கள். இரண்டு நிமிடம் கழித்துக் கொட்டித் துடைத்தால் முடிந்தது. பாலைச் சூடாக்கி ஊற்றுங்கள். உறைந்த பழத்தைக் கடைசி இரண்டு நிமிடத்தில் பாத்திரத்திலேயே போட்டுக் கிளறுங்கள். அகலமான தட்டையான கிண்ணத்தை விட்டு, ஆழமான, வாய் குறுகிய, சுவர் தடித்த கிண்ணத்துக்கு மாறுங்கள். இவ்வளவும் செய்த பிறகு எதிர்ப் பிரச்சினை வரும்: நாக்கு பொத்துப்போவது. கெட்டியான கஞ்சிக்குள் திரவம் சுழலாது, அதனால் மேலே ஆடை கட்டி ஆறியது போலத் தெரிந்தாலும் நடுவில் 80 டிகிரி இருக்கும். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி எடுத்துச் சாப்பிடுவதுதான் முறை. குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் நன்றாகக் கலக்கிவிட்டுத் தொட்டுப் பார்ப்பது கட்டாயம்.

மைக்ரோவேவ் மீது பழி போடுபவர்கள் பலரும் சின்னக் கிண்ணத்தை முழுப் பவரில் வைப்பவர்கள். 40 கிராமுக்கு ஒரு லிட்டர் கிண்ணம் எடுங்கள். பாதிப் பவரில் மூன்று முதல் நான்கு நிமிடம், நடுவில் ஒரு தடவை கலக்கி, வெளியே எடுத்து ஒரு நிமிடம் விட்டால் வழியாது. கிண்ணமும் கூடவே சூடாவது குளிர்காலத்துக்கு லாபம்.

ஸ்டீல் கட்டுக்கு வருவோம். ஒருவருக்கு மட்டும் காய்ச்சினால் தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும், அளவு கைக்கு வராது. 120 கிராமுக்கு 750 மி.லி. என்று மூன்று வேளைக்குச் சேர்த்துக் காய்ச்சி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் நன்றாக இருக்கும். மறுநாள் அது கத்தியால் வெட்டும் கெட்டியில் இருக்கும், பயப்பட வேண்டாம்: ஒரு பங்குக்கு 60 மி.லி. தண்ணீரோ பாலோ விட்டு, கரண்டியால் உடைத்துச் சிறு தீயில் சூடாக்கினால் இளகிவிடும். பிரஷர் குக்கரில் 80 கிராமுக்கு 320 மி.லி., ஒரு டீஸ்பூன் வெண்ணெய், பிரஷர் வந்த பிறகு சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம். குக்கரில் பாதிக்கும் கீழாகத்தான் நிரப்ப வேண்டும், ஆவி தானாக அடங்கிய பிறகுதான் திறக்க வேண்டும். அவசரமாக ஆவியை வெளியேற்றினால் நுரையும் சேர்ந்து பீய்ச்சும், துவாரமும் அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது வழி பிளாஸ்க். காலையில் அடுப்பைத் தொடவே மனம் வராத நாட்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. 500 மி.லி. அகலவாய் வெற்றிடப் பிளாஸ்கில் இரவே கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பாத்திரத்தில் 80 கிராம் ஸ்டீல் கட், 380 மி.லி. தண்ணீர், உப்பு சேர்த்து இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிளாஸ்க் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடினால் காலையில் இருவருக்குக் கஞ்சி தயார். கழுத்து வரை நிரம்பியிருக்க வேண்டும். பாதிப் பிளாஸ்க் சீக்கிரம் ஆறும். இரவில் பால் சேர்க்கவே கூடாது. திறக்கும்போது 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் கொட்டிவிடுங்கள்: அந்தச் சூட்டில் பல மணி நேரம் இருந்த தானியத்தில் பேசிலஸ் சீரியஸ் வகைக் கிருமி பெருகலாம், மறுபடி கொதிக்கவைத்தாலும் அது விட்ட நஞ்சு போகாது. அந்தப் பிளாஸ்க் இந்த வேலைக்குத் தகுதி இல்லை என்று அர்த்தம்.

உயரமான மலைப்பகுதியில் இருப்பவர்கள் மேலே சொன்ன நேரங்களை நம்ப வேண்டாம். 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். 2000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நேரத்தைக் கால் பங்கு கூட்டி, ஆவியாவதற்கு ஈடாகக் கொஞ்சம் தண்ணீரும் சேர்க்க வேண்டும்.

சேர்மானங்களைப் பொறுத்தவரை எதை என்பதைவிட எப்போது போடுகிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. உலர்திராட்சை, துருவிய ஆப்பிள் தொடக்கத்திலேயே. பட்டைப்பொடியும் தொடக்கத்தில், கால் டீஸ்பூனுக்குள். கூடினால் வழுவழுப்பாகும், கடைசியில் போட்டால் கட்டி தட்டும். மசித்த வாழைப்பழம் கடைசி இரண்டு நிமிடத்தில். வறுத்த கொட்டைகள் கிண்ணத்தில் மட்டும், இல்லாவிட்டால் நமுத்துப்போகும். சியா விதை தன் எடையைப் போலப் பத்து மடங்கு தண்ணீரை இழுக்கும், ஒரு டீஸ்பூன் போட்டாலே 30 மி.லி. கூடுதலாக ஊற்றுங்கள். பச்சை அன்னாசி, கிவி இரண்டையும் பாலோடு சேர்க்காதீர்கள், அவற்றின் நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும். புரதப் பொடி போடுபவர்கள் அதை முதலில் இரண்டு மேசைக்கரண்டி ஆறிய பாலில் குழைத்து, அடுப்பு அணைந்து ஒரு நிமிடம் கழித்துக் கலக்க வேண்டும். நேராகத் தூவினால் ரப்பர் உருண்டைதான். இனிப்பு சலித்துப்போகும் நாள் எல்லோருக்கும் வரும். அன்றைக்கு மிளகுத்தூள், வதக்கிய காளான், மேலே ஒரு முட்டை. பழகிவிட்டால் பழைய பக்கம் திரும்ப மனம் வராது.

உடலுக்கு என்ன செய்கிறது என்பதை ஊதிப் பெருக்கத் தேவையில்லை. 40 கிராமில் சுமார் 150 கலோரி, 5 கிராம் புரதம், 4 கிராம் நார்ச்சத்து, அதில் ஏறத்தாழ 1.6 கிராம் பீட்டா குளூக்கன். 1997-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓட்ஸின் இதயநலக் கூற்றை அனுமதித்தபோது நாளொன்றுக்கு வைத்த அளவு 3 கிராம் பீட்டா குளூக்கன். ஒரு கிண்ணம் அதில் பாதியைத்தான் தரும். புரதம் குறைவு என்பதால் வெறும் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சி மதியம் வரை தாங்காது. பாலோ முட்டையோ கொட்டையோ ஏதாவது ஒன்று கூட வேண்டும். நார்ச்சத்து பழகாத வயிறு முதல் வாரம் உப்பும். 20 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் 40-க்கு வரலாம். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீர் குடிப்பது குறையும், அதோடு ஓட்ஸும் சேர்ந்தால் மலச்சிக்கல். கஞ்சியோடு ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) ஆகாதவர்கள் அதற்கென்று சான்று பெற்றதை மட்டும் வாங்க வேண்டும், ஏனென்றால் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும்.

ஓட்ஸில் மற்றத் தானியங்களைவிடக் கொழுப்பு அதிகம், 7 சதவீதத்தை ஒட்டி. ஆலையில் ஆவியில் சூடேற்றுவதே அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியை அடக்கத்தான். இருந்தும் அடுப்புப் பக்கத்து அலமாரியில் வாய் திறந்த பாக்கெட்டாக வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் பழைய பெயின்ட் போன்ற காறல் வாடை எட்டிப் பார்க்கும். டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். அந்த வாடையை எந்தச் சேர்மானமும் மறைக்காது.

காய்ச்சிய பாத்திரத்தில் உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றி விட்டுவிடுங்கள், வெந்நீர் வேண்டாம். வெந்நீரில் பாலும் மாவும் இன்னும் இறுக ஒட்டும். சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தப் படலம் தானாகத் தோலாக உரிந்து வரும்.